ஒரே வயரில் போகிற தரவு எப்படி வேறு வேறாக நிற்கும்?

முதலில் உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் கோண்டாவில் பக்கம் ஒரு கல்வி நிலையம் நடத்துகிறீர்கள். ஒரே வளவில் இரண்டு கட்டடம். முன்னுக்கு அலுவலகம், பின்னுக்கு கணினி வகுப்பு, நடுவில் ஒற்றைக் கேபிள். அலுவலகக் கணினி 6, மாணவர் கணினி 20, கமரா 16, இதற்கு மேல் மாணவர்களுக்கு வைஃபை. ஒருவர் "மூன்று சுவிட்ச் வாங்கி மூன்று கேபிள் இழுங்கள்" என்கிறார். சுவிட்ச் என்பது கணினிகளின் கேபிள்களைக் கொழுவி ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. இன்னொருவர் "வீலான் போட்டால் உள்ளதே போதும், வேகமும் கூடும்" என்கிறார். வீலான் (VLAN) என்பது ஒரே சுவிட்சைத் தனித்தனிச் சுவிட்ச் போலப் பிரிக்கும் அமைப்பு. ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான் உண்மையான கேள்வி: ஒரே பெட்டி, ஒரே வயர் என்றால் அதற்குள் எப்படிப் பிரிந்து நிற்கும், இது உண்மையில் பிரிப்பா அல்லது பெயருக்குப் பிரிப்பா?

பிரிப்பு உண்மையானது. ஆனால் அது சுவிட்ச் வரைக்கும்தான். சுவிட்சுக்கு அப்பால், ரவுட்டரில், நீங்களே ஒன்றைச் செய்தால்தான் அந்தப் பிரிப்பு தொடரும். "வீலான் போட்டும் பயனில்லை" என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் அநேகமாக இந்த இரண்டாவது வேலைதான் விடுபட்டுப் போயிருந்தது. நான் 16 வருடமாக யாழ்ப்பாணத்திலும் சுற்றிலும் நெட்வேர்க் வேலை செய்கிறேன்; விடுதிகள், பாடசாலைகள், சின்ன வைத்தியசாலைகள். பெரிய தரவு மையங்களில் வேலை செய்ததில்லை. ஆகவே நான் சொல்வதை நூறு, நூற்றைம்பது போர்ட்டுக்குள் (சுவிட்சில் கேபிள் கொழுவும் துளைகளுக்குள்) அடங்கும் இடங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீலான் இல்லாத சுவிட்ச் என்ன செய்கிறது என்று பார்த்தால் மற்றது தானாக விளங்கும். சுவிட்ச் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் நெட்வேர்க் அட்டைக்கும் உள்ள தனி இலக்கம்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று. ஒரு ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) வந்தால் அனுப்பியவருடைய முகவரியைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும், போக வேண்டியவருடைய முகவரியைப் பட்டியலில் தேடி அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். முகவரி பட்டியலில் இல்லாவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். புரோட்காஸ்ட், அதாவது எல்லாருக்குமான அழைப்பு, என்றாலும் அதே கதைதான். ஒரு கணினி "192.168.1.1 யாருடையது?" என்று ஏ.ஆர்.பி மூலம் கேட்கும்போதும், "எனக்கு ஒரு ஐ.பி (நெட்வேர்க் முகவரி) தாருங்கள்" என்று டி.எச்.சி.பி மூலம் கேட்கும்போதும் அந்தக் குரல் சுவிட்சில் கொழுவியிருக்கிற எல்லாருடைய காதிலும் விழும். உங்கள் கணக்கெழுதும் கணினிக்கும் கேட்கும், பின் கட்டடத்துக் கமராவுக்கும் கேட்கும். வேலி இல்லாத வளவு போல.

வீலான் என்பது அந்த வளவுக்குள் வேலி அடைப்பதுதான். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறீர்கள்: 1 முதல் 6 வரை வீலான் 10, 7 முதல் 16 வரை வீலான் 20 என்று. இதற்குப் பிறகு சுவிட்ச் பட்டியலில் மேக் முகவரியை மட்டும் எழுதுவதில்லை, வீலான் இலக்கத்தையும் சேர்த்து எழுதுகிறது. வீலான் 20இல் வந்த ஃபிரேமுக்குத் தேடல் வீலான் 20க்குள்தான் நடக்கும். முகவரி கிடைக்காவிட்டால் இருபதின் போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும், புரோட்காஸ்டும் அப்படித்தான். பத்தாம் இலக்கத்துக் கணினியின் முகவரியை ஒரு மாணவன் கையால் தட்டச்சுச் செய்து அனுப்பினாலும் சுவிட்ச் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. இதை மென்பொருள் ஏதோ வடிகட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம்; சுவிட்சின் சிப்பே அனுப்பும் இடத்தை இப்படித்தான் தேடுகிறது. இரண்டு தனிச் சுவிட்ச் வைத்தால் எப்படியோ, இந்த மட்டத்தில் அப்படித்தான்.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கக்கூடும். "கமராக்களுக்கு 192.168.30 என்று தொடங்கும் ஐ.பி கொடுத்துவிட்டேன், அலுவலகத்துக்கு 192.168.10, ஆகவே பிரிந்துவிட்டது" என்று. பிரியவில்லை. வேலி இல்லாத வளவில் இரண்டு வீட்டுக்கு வேறு வேறு இலக்கம் எழுதி ஒட்டியதுபோலத்தான் அது. மாணவன் தன் மடிக்கணினியில் ஐ.பியை 192.168.30.200 என்று மாற்ற அரை நிமிடம் போதும். கமராவின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் அவன் முன்னால் திறக்கும். ஒவ்வொரு வீலானுக்கும் ஓர் ஐ.பி வலயம் வைப்பது வழக்கமும் வசதியும். அதற்காக ஐ.பி வலயத்தை வைத்துவிட்டால் வீலான் வந்துவிட்டது என்று ஆகாது.

சரி, ஒற்றைக் கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கட்டடத்திலும் இரண்டு சுவிட்ச், இரண்டிலும் மூன்று வீலான்: அலுவலகம் 10, மாணவர் 20, கமரா 30. நடுவில் உள்ள கேபிளில் எல்லாம் கலந்துதான் போகும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் தன் இலக்கத்தைச் சுமந்துகொண்டு போகும். இதற்கான பொது விதி ஐ-ட்ரிபிள்-ஈ 802.1கியூ, 1998இல் வெளிவந்தது. வேறு வேறு கம்பனிகளின் சுவிட்சுகள் ஒன்றோடொன்று கதைக்க முடிவதற்கு அதுதான் காரணம். அனுப்புகிற சுவிட்ச் ஃபிரேமுக்குள், அனுப்பியவரின் மேக் முகவரிக்கு அடுத்ததாக, 4 பைட் செருகுகிறது, இதைத்தான் டேக் என்பார்கள். முதல் 2 பைட் "இதில் டேக் இருக்கிறது" என்று சொல்லும் அடையாளம். அடுத்த 2 பைட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் நெரிசல் வந்தால் கைவிடலாமா என்பதற்கு, மிச்சம் 12 பிட் வீலான் இலக்கத்துக்கு. 12 பிட்டில் 4096 இலக்கம் வரும். 0உம் 4095உம் ஒதுக்கப்பட்டவை, ஆகவே 1 முதல் 4094 வரை நீங்கள் பாவிக்கலாம். எங்களைப் போன்ற இடங்களுக்கு இதில் ஒரு துளிகூடத் தேவைப்படாது.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. தொழில் பழகிய காலத்தில் அந்த நடுக் கேபிள் வழியாகப் போவதன் பிரதி ஒன்றை என் மடிக்கணினிக்கு வரச் செய்து, வயரில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறந்தேன். முகவரிகள் இரண்டுக்கும் அடுத்து 81 00 00 14 என்று நான்கு சோடி எழுத்து. 81 00 என்பது அந்த அடையாளம். 00 14 என்பதைப் பதினாறின் எண்முறையில் வாசித்தால் இருபது, அதாவது மாணவர் வீலான். அடுத்த ஃபிரேமில் 81 00 00 வரைக்கும் ஒன்றுதான், கடைசிச் சோடி மட்டும் வேறு, 0A: பத்தாம் வீலான், அலுவலகம். மறுபக்கச் சுவிட்ச் அந்த 4 பைட்டை வாசித்து, கழற்றிவிட்டு, சரியான போர்ட்டுக்கு வெறும் ஃபிரேமாகக் கொடுக்கும். உங்கள் கணினிக்குத் தான் ஒரு வீலானில் இருப்பதே தெரியாது. நீங்களும் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று: விண்டோஸ் கணினிகளில் பல நெட்வேர்க் அட்டைகள் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் வயர்ஷார்க்குக்குக் கொடுக்கும். ஒன்றும் தெரியவில்லை என்றால் டேக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்படி டேக்கோடு பல வீலானைக் கொண்டுபோகும் போர்ட்டை சிஸ்கோ கம்பனியின் சுவிட்சுகளில் ட்ரங்க் என்பார்கள், கணினி கொழுவும் போர்ட்டை அக்சஸ் என்பார்கள். மலிவான சுவிட்சுகளின் மெனுவில் இந்தச் சொற்கள் இல்லாமல் டேக்ட், அன்டேக்ட் என்றும் பக்கத்தில் பீ.வி.ஐ.டி என்றும் இருக்கும். அன்டேக்ட் என்பது வெளியே போகிற ஃபிரேமைப் பற்றியது. பீ.வி.ஐ.டி என்பது டேக் இல்லாமல் உள்ளே வருகிற ஃபிரேமை எந்த வீலானில் சேர்ப்பது என்பது. கனபேர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை 1இலேயே விட்டுவிடுவார்கள். அப்போது கணினிக்குப் போகும் வழி ஒரு வீலானிலும் வரும் வழி இன்னொரு வீலானிலும் கிடக்கும். எல்லா விளக்கும் பச்சையாக எரியும், ஒன்றும் வேலை செய்யாது. சிஸ்கோவில் இதற்குச் சமமான வலி வேறொன்று: ட்ரங்கில் போக அனுமதித்த வீலான்களின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற சொல்லை விட்டால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது மட்டும் நிற்கும்.

இனித்தான் மேலே சொன்ன இரண்டாவது வேலை. வீலான் 10க்கும் 20க்கும் நடுவில் எதுவும் போகாது என்றால், மாணவர்களுக்கு இணையம் எப்படி வரும்? ரவுட்டர் வழியாக. ரவுட்டருக்கு ஒவ்வொரு வீலானிலும் ஒரு கால் இருக்கும்: 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1. வேலிகளுக்கு நடுவில் உள்ள படலை அதுதான். ரவுட்டரின் தொழிலே ஒரு வலயத்திலிருந்து வந்ததை இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. மைக்ரோடிக் கம்பனியின் ரவுட்டரிலோ, ரவுட்டர் வேலையும் செய்யும் லேயர் 3 சுவிட்சிலோ நீங்கள் தடை விதி எழுதாதவரை படலை அகலத் திறந்திருக்கும். இருபதாம் வீலானில் இருக்கும் மாணவன் 192.168.10.5 என்று தட்டினால் ரவுட்டர் மரியாதையாகக் கொண்டுபோய் அலுவலகக் கணினியின் வாசலில் விடும். சில ஃபயர்வால்கள் இதற்கு மாறாக, நீங்கள் திறக்கும்வரை மூடியே வைத்திருக்கும். உங்களுடையது எது என்று சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது.

உங்கள் இடத்துக்கு விதிகள் அதிகம் வேண்டாம். மாணவர் வீலான் இணையத்துக்கு மட்டும் போகலாம். அலுவலகம் இணையத்துக்கும் கமரா வீலானுக்கும் போகலாம். கமரா வீலான் தானாக எங்கேயும் தொடர்பைத் தொடங்கக்கூடாது, இணையத்துக்கும் கூட. அலுவலகம் கேட்டதற்குப் பதில் மட்டும் திரும்பலாம். வெளியூரில் இருந்து போனில் கமரா பார்க்க வேண்டுமென்றால் என்.வி.ஆருக்கு (கமராக்களின் படத்தைப் பதியும் பெட்டிக்கு) மட்டும் ஒரு விதிவிலக்கு வையுங்கள், ஒவ்வொரு கமராவுக்கும் வேண்டாம். இதற்குள் பலர் தவறவிடும் ஓர் ஓட்டை இருக்கிறது. வீலான்களுக்கு இடையில் போவதைத் தடுத்துவிட்டாலும், மாணவர் பக்கத்திலிருந்து ரவுட்டரின் சொந்த முகவரிகளைத் தொட முடியும். 192.168.10.1 என்று தட்டினால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வரும், ஏனென்றால் அது கடந்து போகிற தரவு அல்ல, ரவுட்டருக்கே வருகிற தரவு. அதற்குத் தனி விதி வேண்டும். மாணவர் பக்கத்துக்கு டி.எச்.சி.பியும் டி.என்.எஸ்ஸும் (இணையப் பெயரை ஐ.பியாக மாற்றித் தரும் சேவை) மட்டும் கொடுத்து மற்றதை மூடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். 25 நாளும் அறைகள் நிறைந்திருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த ஆக்கள் அதிகம். ஒரு காலை வரவேற்பு மேசைக் கணினியில் பில் போட முடியவில்லை, பக்கத்துக் கணினியில் முடிகிறது. அரை மணித்தியாலத்தில் அதுவும் போய்விட்டது. நான் போய் ஐ.பியைப் பார்த்தால் அந்த விடுதியில் எங்குமே இல்லாத 192.168.0 வரிசை. அறையொன்றில் தங்கியவர் தன் சின்ன வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரில் இருந்த கேபிளை அதன் பிழையான போர்ட்டில் கொழுவியிருந்தார். அவர் அறிந்து செய்த குற்றம் இல்லை. அந்தப் பெட்டி தன்பாட்டில் டி.எச்.சி.பி கேட்கிற எல்லாருக்கும் ஐ.பி கொடுக்கத் தொடங்கிவிட்டது, யாருடைய பதில் முந்துகிறதோ அதைக் கணினி ஏற்றுக்கொள்ளும். நிர்வகிக்க முடியாத சாதாரண சுவிட்சுகள் என்பதால் எந்தப் போர்ட் என்று கேட்டறிய வழியில்லை. மூன்று மாடியிலும் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் கீழே போன் எடுத்து "வந்ததா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் பிடித்தேன். பிறகு அறைகளைத் தனி வீலானில் போட்டோம். இன்றைக்கும் யாராவது அப்படிக் கொழுவினால் அறைகளின் இணையம் குழம்பலாம், பில் மேசை குழம்பாது. சுவிட்சில் டி.எச்.சி.பி ஸ்னூப்பிங் இருந்தால், ஐ.பி கொடுக்கும் பதில் ரவுட்டர் பக்கப் போர்ட்டிலிருந்து மட்டும் வரலாம் என்று சொல்லி அந்தக் குழப்பத்தையும் நிறுத்தலாம்.

வேகம் கூடும் என்று சொன்னவருக்கு வருகிறேன். வீலான் வயரின் வேகத்தைக் கூட்டாது. மூன்று வீலானும் ஒரே கேபிளில் போனால் அந்தக் கேபிளைப் பங்கிட்டுக்கொள்ளும். 2 மெகாபிக்சல் கமரா ஒன்று எச்.264 என்ற படச் சுருக்க முறையில் ஏறத்தாழ 4 எம்.பி.பி.எஸ் (வினாடிக்கு 4 மெகாபிட்) எடுக்கும் என்று வைத்தால் 16 கமராவுக்கு 64. கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்) கேபிளில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த நடுக் கேபிள் 100 எம்.பி.பி.எஸில் ஓடினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கமராவுக்கே போய்விடும். கிகாபிட்டுக்கு எட்டு வயரும் சரியாக இருக்க வேண்டும், 100க்கு நான்கு போதும். ஒரு வயர் போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். குருநகர், காரைநகர் போன்ற கடற்கரை இடங்களில் உப்புக்காற்றில் பிளக்கின் தகடுகள் பச்சை பிடித்து இப்படி இறங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே சுவிட்சின் பக்கத்தைத் திறந்து அந்தப் போர்ட் 1000 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மற்றது, என்.வி.ஆரைக் கமரா வீலானிலேயே வையுங்கள். அலுவலக வீலானில் வைத்தால் 16 கமராவின் படமும் ரவுட்டருக்குப் போய்த் திரும்பி வரும், சின்ன ரவுட்டர் அதிலேயே களைத்துவிடும். வீலானால் கிடைக்கும் ஒரே நிம்மதி புரோட்காஸ்ட் குறைவது. உங்களைப் போல நாற்பது, ஐம்பது கருவி உள்ள இடத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இராது.

வைஃபைக்கு: ஒரே அக்சஸ் பொயின்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி) இரண்டு பெயர் ஒலிபரப்பி, அலுவலகப் பெயரை வீலான் 10க்கும் மாணவர் பெயரை 20க்கும் கட்டலாம், அது கொழுவும் போர்ட் ட்ரங்காக இருக்க வேண்டும். ஆனால் மாணவர் போன்கள் எல்லாம் ஒரே வீலான் என்பதால் அவை ஒன்றையொன்று பார்க்கும். அதைத் தடுப்பது அக்சஸ் பொயின்டில் உள்ள கிளையன்ட் ஐசொலேஷன்.

பாதுகாப்பில் எதை உறுதியாகச் சொல்லலாம்? சரியாக அமைத்த அக்சஸ் போர்ட்டில் இருப்பவர் இன்னொரு வீலானுக்குள் சுவிட்ச் வழியாகப் போக முடியாது. பிழையாக அமைத்தால் வழி உண்டு. ட்ரங்கில் டேக் இல்லாமல் போகும் ஒரு வீலான் இருக்கும், நேட்டிவ் வீலான் என்பார்கள், பொதுவாக அது 1. தாக்குபவர் அதே வீலானில் இருந்தால் இரண்டு டேக் போட்ட ஃபிரேமை அனுப்பி, முதல் சுவிட்ச் வெளி டேக்கைக் கழற்ற, உள் டேக்கை வைத்து அடுத்த சுவிட்சில் வேறு வீலானுக்குத் தள்ளலாம். ஒரு வழியாகத்தான் போகும், பதில் திரும்பாது. யாரும் இல்லாத ஓர் இலக்கத்தை நேட்டிவ் ஆக வைத்தால் அந்தக் கதை முடிந்தது. உங்கள் இடத்தில் எனக்கு அதைவிடப் பயம், வகுப்பறை மேசைக்குக் கீழே பூட்டில்லாமல் கிடக்கும் சுவிட்ச். ஒரு மாணவன் இருபதாம் வீலான் போர்ட்டையும் பத்தாம் வீலான் போர்ட்டையும் ஒரு துண்டுக் கேபிளால் இணைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வேலியில் பொட்டு (நுழையும் ஓட்டை) வைத்ததுபோல, படலையில் எத்தனை பூட்டுப் போட்டும் பிரயோசனமில்லை. சில சுவிட்சுகள் ஸ்பானிங் ட்ரீ (கேபிள் சுற்றிவந்து இணைவதைக் கண்டறியும் முறை) வழியாக இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும், எல்லாம் அல்ல.

ஆகவே உங்கள் இரண்டு ஆலோசகர்களில் இரண்டாமவர் பக்கம்தான் நான், வேகத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டு. மூன்று கேபிள் வேண்டாம். இரண்டு கட்டடத்துக்கும் நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச், வீலான் தெரிந்த ஒரு ரவுட்டர் போதும். இணைய இணைப்போடு தந்த ரவுட்டரில் இந்த விதிகள் எழுத முடிகிறதா என்பது மொடலைப் பொறுத்தது, பெரும்பாலானவற்றில் முடியாது. நடுவில் சாதாரண சுவிட்ச் எதையும் வைக்காதீர்கள். டேக்கை அப்படியே கடத்துமா, எறியுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் அந்த நடுக் கேபிளில் பிடிக்க வேண்டாம், அதை ஃபைபராக மாற்றுங்கள். ஐப்பசி இடிமுழக்கத்தில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செப்புக் கேபிள் இருந்தால் இரு பக்கச் சுவிட்சும் சேர்ந்து போகக்கூடும். ஃபைபர் மின்சாரம் கடத்தாது.

எல்லாம் அமைத்த பிறகு மாணவர் கணினி ஒன்றில் உட்கார்ந்து அலுவலகக் கணினி, என்.வி.ஆர், ரவுட்டரின் மூன்று முகவரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இணையம் வர வேண்டும், மற்ற எதுவும் வரக்கூடாது. பிறகு மின்சாரத்தின் மெயின் சுவிட்சை நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, போட்டு, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பல சுவிட்சுகளில் மாற்றங்களைச் சேமிக்கத் தனியாக ஒரு பொத்தானோ கட்டளையோ உண்டு. அதை மறந்தால் கரண்ட் போய் வரும்போது எல்லாப் போர்ட்டும் வீலான் 1க்குத் திரும்பும். ஓர் இடத்தில் அலுவலகத்தை வீலான் 1இலேயே விட்டிருந்தார்கள். மின்வெட்டுக்குப் பிறகு மாணவர் கணினிகள் அலுவலக ஐ.பி வாங்கிக்கொண்டு பல வாரம் நன்றாக ஓடின. இணையம் வந்ததால் யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. அதனால்தான் அலுவலகத்துக்கு 1 வேண்டாம், 10 கொடுங்கள் என்கிறேன். அப்போது இப்படி நடந்தால் ஒன்றும் ஓடாது, அன்றைக்கே தெரிந்துவிடும். எந்தப் போர்ட் எந்த வீலான் என்பதை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை வருகிறவர் நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும் முதலில் தேடுவது அதைத்தான். ரவுட்டரின் மொடலை எழுதினால் விதிகளை அதற்கேற்ப எழுதித் தருகிறேன்.